கைத்தடி உனக்கு, கொத்துச்சாவி எனக்கு!

நாடக மேடையிலே வீரன் வீசும் வாள் அட்டையால் ஆனது. வெள்ளிக் காகிதம் ஒட்டி, விளக்கொளியிலே பளபளக்கும்படி செய்திருப்பார்கள். அட்டை என்பது பார்ப்பவருக்கும் தெரியும், வீசுபவருக்கும் தெரியும். தெரிந்தே நடிக்கிறோம், தெரிந்தே ரசிக்கிறோம். திரை விழுந்ததும் வாள் மூட்டைக்குள் போகிறது, வீரன் வீட்டுக்குப் போகிறான். நானும் மேடைக்கு எழுதுபவன்; ஆள் குறைந்தால் வேடம் கட்டுபவன். அட்டைக் கத்தியை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால், அதையே உண்மைக் கத்தி என்று சொல்லி, ஒரு நாட்டு இளைஞன் கையிலே கொடுத்து, சாவு வருகிற சாலையிலே அவனை நிறுத்திவைத்த கதை ஒன்று உண்டு. கேளுங்கள் அந்தக் கதையை!

பாக்தாத் நகரம். ஆண்டு 2009. சோதனைச் சாவடியிலே ஈராக்கியக் காவலன் நிற்கிறான். கையிலே கறுப்புப் பிளாஸ்டிக் பிடி. பிடியின் முனையிலே வானொலிப் பெட்டிக்கு இருப்பது போன்ற ஒரு கம்பி. அந்தக் கம்பி இடமும் வலமும் ஆடும். ஏ.டி.இ. 651 என்று அதற்குப் பெயர். வண்டியின் ஓரமாக அதை ஏந்தி நடப்பான். கம்பி வண்டிப் பக்கம் திரும்பினால் உள்ளே வெடிமருந்து என்று பொருள்; திரும்பாவிட்டால், போகலாம்! மின்கலம் கிடையாது. உள்ளே இயந்திரம் கிடையாது. ஏந்துபவன் உடம்பிலே இருக்கும் மின்சாரமே அதை இயக்கும் என்றான் விற்றவன். ஆகா என்றார்கள் வாங்கியவர்கள். புல்வெளியிலே தொலைந்த கோல்ஃப் பந்தைத் தேடுவதற்கென்று 20 டாலருக்கும் குறைவாக விற்கப்பட்ட விளையாட்டுச் சாமான்தான் அதன் பாட்டன். ஈராக் சர்க்கார் கொடுத்த விலையோ ஒன்றுக்குப் பல்லாயிரம் டாலர்! மொத்தத்திலே 5 கோடி பவுனுக்கு மேல்! 2013-ஆம் ஆண்டு லண்டன் நீதிமன்றம், விற்ற பிரிட்டிஷ் வியாபாரிக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. பாக்தாத்தில் வெடிகுண்டு ஒழிப்புத் துறைக்குத் தலைவராக இருந்த ஜெனரலும் லஞ்சக் குற்றத்திற்காகக் கம்பி எண்ணப் போனார்.

2009 அக்டோபர் 25-ஆம் நாள், வெடிமருந்து ஏற்றிய இரண்டு வண்டிகள் இத்தகைய சாவடிகள் நிறைந்த பாக்தாத்தின் நடுவே புகுந்தன. 155 பேர் மாண்டனர். கம்பி திரும்பவில்லை. திரும்பாது! பந்தையே கண்டுபிடிக்காத கம்பி, பாஷாணத்தையா கண்டுபிடிக்கும்?

அதே நகரத்திலே, அமெரிக்கப் பாசறையின் வாயிலைப் பாருங்கள். அங்கே மோப்ப நாய் இருந்தது. ஊடுகதிர்ப் பொறி இருந்தது. ஆடுகிற கம்பி மட்டும் இல்லை. அது பயனற்ற பொருள் என்று அமெரிக்க ராணுவத்தாரே வாய்விட்டுச் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது, சாவடியிலே நின்றவனும் நாளடைவிலே அறிந்துகொண்டான். ஆயினும் அவன் அதை ஏந்தி நின்றான். ஏனென்றால், அந்த ஆண்டு ஜூன் 30-ஆம் நாளோடு நகரங்களின் பாதுகாப்பு அவனிடம் 'ஒப்படைக்கப்பட்டு' விட்டது!

ஒப்படைப்பு! எவ்வளவு இனிமையான சொல்! ஊரை அடித்துப் பிடித்தவன், ஊர்க்காவலை ஊரானிடமே ஒப்படைக்கிறேன் என்று சொல்லும்போது, கேட்கிற செவியிலே தேன் பாய்கிறது. உலகத்துப் பத்திரிகைகள் பாராட்டி எழுதுகின்றன. கொடி இறங்குகிறது, கொடி ஏறுகிறது, வாத்தியம் முழங்குகிறது, கைகுலுக்கும் படம் வெளிவருகிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஒப்படைத்தது எதை? பண்ணையார் காவற்காரனிடம் அரிக்கன் விளக்கையும் கைத்தடியையும் கொடுத்து, "இன்று முதல் களஞ்சியம் உன் பொறுப்பு" என்கிறார். களஞ்சியத்தின் கொத்துச்சாவி அவர் இடுப்பிலேயே தொங்குகிறது. திருடன் வந்தால் அடி காவற்காரனுக்கு. நெல் குறைந்தால் பழி காவற்காரனுக்கு. அறுவடை மட்டும் யாருக்கு?

ஈராக்கின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

2003 ஏப்ரலில் அமெரிக்கப் படை பாக்தாத்தைப் பிடித்தது. பிடித்த ஊரிலே ஒழுங்கை நிலைநாட்ட வேண்டியது பிடித்தவனின் கடமை. இது என் கற்பனை அன்று. 1907-ஆம் ஆண்டு ஹேக் விதிகளின் 43-ஆம் பிரிவு. கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன்தான் நான். ஆனால் அந்தப் பிரிவைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவைப்படவில்லை. வாஷிங்டனிலே பட்டங்கள் பல பெற்றவர்களுக்கு மட்டும் ஏனோ அது விளங்கவில்லை! நகரம் கொள்ளை போயிற்று. ஆயிரமாயிரம் ஆண்டுத் தொன்மைச் செல்வங்கள் நிறைந்த தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. எண்ணெய் அமைச்சகத்தின் வாயிலிலே மட்டும் அமெரிக்கக் காவல் இருந்தது. எது அவர்கள் களஞ்சியம் என்பதை அப்போதே காட்டிவிட்டார்கள்.

அடுத்த மாதம் 22-ஆம் நாள், ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தன் 1483-ஆம் தீர்மானத்திலே அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்பு வல்லரசுகள் என்று பெயர் சொல்லிக் குறித்தது. மறுநாளே, ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவர் பால் பிரெமர், தமது இரண்டாவது ஆணையிலே ஈராக்கிய ராணுவத்தைக் கலைத்தார். ஏறத்தாழ 4 லட்சம் பேர்! ஒரே கையெழுத்திலே சீருடை போயிற்று, சம்பளம் போயிற்று, மானம் போயிற்று. துப்பாக்கி மட்டும் போகவில்லை. அது வீட்டிலே இருந்தது. சதாமின் கொடுங்கோலுக்கு வாளாக இருந்த படைதானே, கலைத்தால் என்ன என்பார்கள். சதாமுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் வடிக்கவில்லை. குர்துகளை நச்சுப் புகையிலே மாய்த்தவனுக்குக் கண்ணீர் எதற்கு! ஆனால் தளபதியின் குற்றத்திற்குச் சிப்பாயின் சோற்றிலே மண்ணைப் போட்டால், அந்தச் சிப்பாய் எங்கே போவான் என்று எண்ணிப் பார்க்க மகா ராஜதந்திரம் வேண்டியதில்லை.

கலைத்தபின் என்ன செய்தார்கள்? வேறு படை திரட்டினார்கள்! வேலையற்றுத் தெருவிலே நின்றவனிடம், "வா, சம்பளம் தருகிறோம், எங்களோடு காவல் நில்" என்றார்கள். பிடித்த நாட்டுக் குடிகளைத் தன் படையிலே சேரும்படி வற்புறுத்தக்கூடாது என்கிறது 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம். சவுக்கால் வற்புறுத்தவில்லைதான். வயிற்றால் வற்புறுத்தினார்கள்.

அப்படித் திரட்டிய புதுப்படைக்கு முதற்சோதனை 2004 ஏப்ரலிலே வந்தது. இந்த ஓர் ஏப்ரலை நான் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். பின்னால் நடந்த அத்தனைக்கும் விதை அங்கே கிடக்கிறது. ஃபல்லூஜா நகரைத் தாக்க அமெரிக்கப் படை கிளம்பிற்று. துணைக்கு வா என்று, ஈராக்கியப் புதுப்படையின் ஒரு பட்டாளத்துக்கு, அறுநூறுக்கு மேற்பட்டவர்களுக்கு, உத்தரவு பறந்தது. அவர்கள் மறுத்தார்கள். வெளியிலிருந்து வரும் பகைவனோடு போரிடச் சேர்ந்தோமே தவிர, ஈராக்கியரைச் சுடச் சேரவில்லை என்றார்கள். இதைக் கேட்டுத் துரைமார் திகைத்தார்கள். பயிற்சி போதவில்லை என்று குறிப்பெழுதினார்கள். பயிற்சியா போதவில்லை? அண்ணன் மீது சுடு என்றால் தம்பியின் கை நடுங்குவது பயிற்சிக் குறைவா? எந்தக் கலாசாலையிலே கற்றுக்கொடுப்பார்கள் அதை!

அந்த மாதமே அமெரிக்கத் தளபதி டெம்ப்சி ஒரு கணக்குச் சொன்னார். பாதுகாப்புப் படையினரில் நூற்றுக்கு 40 பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். 10 பேர் எங்களுக்கு எதிராகவே வேலை செய்தார்கள் என்றார். நூற்றுக்கு ஐம்பது! பாதிப் படை பனிபோல் கரைந்த பிறகாவது புத்தி வந்ததா? ஃபல்லூஜாவை முற்றுகையிட்டுப் பார்த்தார்கள், உலகம் கூக்குரலிட்டது, பின்வாங்கினார்கள். பின்வாங்கல் என்று சொன்னால் பெருமை குலையுமல்லவா? அதற்கும் 'ஒப்படைப்பு' என்றே பெயர் சூட்டினார்கள். ஃபல்லூஜாப் படையணி என்று ஒன்றை அமைத்து, சதாமின் பழைய தளபதி ஒருவரை, பழைய சீருடையிலேயே, தலைமை தாங்க வைத்தார்கள். ஆண்டொன்று முன்னர் எந்தச் சீருடையைக் களையச் சொன்னார்களோ அதே சீருடை! வண்டிகள் கொடுத்தார்கள், துப்பாக்கிகள் கொடுத்தார்கள். செப்டம்பருக்குள் அந்த அணி கலைந்தது. வண்டியும் துப்பாக்கியும் எதிர்ப்பாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. நவம்பரிலே அமெரிக்கப் படை மீண்டும் வந்து, வீதி வீதியாக, வீடு வீடாக, அந்த நகரத்தை நொறுக்கியது. ஏப்ரலிலே நடந்தது ஒப்படைப்பு என்றால், நவம்பரிலே நடந்ததற்கு என்ன பெயர்?

இடையிலே ஒரு பெரிய விழா. 2004 ஜூன் 30-இலே ஈராக்கின் இறைமை திருப்பித் தரப்படும் என்று தேதி குறித்திருந்தார்கள். அஞ்சி, இரண்டு நாள் முன்னதாகவே, 28-ஆம் நாள், மூடிய அறைக்குள்ளே ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அன்றே விமானம் ஏறினார் பிரெமர். ஒரு நாட்டின் இறைமையைக் கடன்காரன் கண்ணுக்குத் தப்பி ஓடுகிறவனைப் போலவா கொடுப்பது! அதற்கு முதல் நாள் அவர் மறக்காமல் செய்த காரியம் ஒன்றுண்டு. 17-ஆம் ஆணை. அன்னியப் படையினரையும் அவர்களுடைய ஒப்பந்தக்காரர்களையும் ஈராக்கிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்னும் கவசம் அது. காவலன் ஈராக்கியன், சட்டம் ஈராக்கியச் சட்டம், ஆனால் அந்தக் காவலன், அந்தச் சட்டத்தைக் கொண்டு, அமெரிக்கக் கூலிப்படையாளின் சட்டைக் காலரைத் தொடமுடியாது! அடுத்த மூன்றாண்டில், 2007 செப்டம்பரிலே, பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்திலே, பிளாக்வாட்டர் என்னும் கூலிப்படைக் கம்பெனியின் ஆட்கள் 17 குடிமக்களைச் சுட்டுக் கொன்றபோது, ஈராக்கியப் போலீசார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறென்ன செய்ய முடியும் அவர்களால்? கையிலே தடி, கவசமோ எதிரே நிற்பவனிடம்.

ஓராண்டு கழிந்தது. 2005 ஜூன் 28. ஜனாதிபதி புஷ் தமது ராணுவத்தார் நடுவிலே நின்று ஒரு வாக்கியம் சொன்னார். ஈராக்கியர் எழுந்து நின்றால் நாம் இறங்கிக்கொள்வோம் என்பது அதன் கருத்து. எதுகை மோனை அறிந்தவர் எழுதித் தந்திருப்பார்போலும், அழகாகத்தான் இருந்தது. மேடைப் பேச்சாளனாகிய நான் அதன் அழகை மறுக்கமாட்டேன். ஆனால் எழுந்து நின்றவனின் கதி என்ன? அந்த ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், ஹில்லா நகரிலே, போலீசிலும் பட்டாளத்திலும் சேர மருத்துவப் பரிசோதனைக்காக வரிசையிலே நின்றவர்கள் மீது வெடிவண்டி பாய்ந்தது. 120-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் போராளிகள் அல்லர், ஆக்கிரமிப்பாளர்கள் அல்லர், இன்னும் சீருடைகூட அணியாதவர்கள். தங்கைக்குத் திருமணம், தாய்க்கு மருந்து, வீட்டுக்கு மாவு என்று வந்து நின்றவர்கள். அவர்களைக் கொன்ற கொடியவர்களை விடுதலை வீரர்கள் என்று சொல்ல என் நா எழாது. பச்சைப் படுகொலை அது! ஆனால் அவர்களை அரண் இல்லாத அந்த வரிசையிலே கொண்டுவந்து நிறுத்தியவர்கள், தங்கள் பாசறையைச் சுற்றிக் கான்கிரீட் மதில் எழுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு. அவசர அவசரமாகப் படை திரட்டியபோது, கட்சிக் கூட்டத்தாரின் குண்டர் படைகள் மொத்தமாகச் சீருடை மாட்டிக்கொண்டு உள்துறைக்குள் நுழைந்தன. 2005 நவம்பரிலே ஜாதிரியா என்னும் இடத்திலே உள்துறையின் நிலவறை ஒன்றைத் திறந்து பார்த்தபோது, ஏறத்தாழ 170 பேர், எலும்பும் தோலுமாக, சித்திரவதைத் தழும்புகளோடு கிடந்தார்கள். பகலிலே போலீஸ், இரவிலே கொலைஞர்! தேசியப் போலீசைக் கலைத்துவிடுங்கள் என்று, அமெரிக்கக் காங்கிரசுக்காக ஆராய்ந்த தளபதி ஜோன்ஸ் குழுவே 2007-இலே எழுதியது. அதே ஆண்டு அமெரிக்கத் தணிக்கைத் துறை இன்னொரு கணக்கை வெளியிட்டது. ஈராக்கியப் படைக்கென்று கொடுத்த ஏ.கே. துப்பாக்கிகளில் சுமார் 1,10,000, கைத்துப்பாக்கிகளில் சுமார் 80,000, எங்கே போயின என்று சொல்லக் கணக்கேடு இல்லையாம்! நம் ஊர் நியாயவிலைக் கடையிலே பத்துக் கிலோ அரிசி குறைந்தால் விசாரணை வருகிறது.

இந்த நிலையிலேதான் மாகாணம் மாகாணமாக ஒப்படைப்பு விழாக்கள். 2006 ஜூலையிலே முதலாவதாக முத்தன்னா. மக்கள் நெருக்கம் குறைந்த பாலைப் பகுதி, அங்கிருந்து தொடங்கினார்கள். 2007 டிசம்பர் 16-இலே பஸ்ரா. பிரிட்டிஷ் படை அதற்கு முன்பே நகரத்து அரண்மனையைக் காலிசெய்து விமான நிலையத்திலே போய் ஒதுங்கியிருந்தது. பிறகு விழா நடத்தி, 'உங்கள் ஊர் இனி உங்களிடம்' என்றது. மூன்றே மாதம்! 2008 மார்ச் 25-இலே பஸ்ராவின் வீதிகளை ஆயுதக் கும்பல்களிடமிருந்து மீட்கப் பிரதமர் மாலிகி போர் தொடுக்கவேண்டியதாயிற்று. அதிலே கடமை தவறியதற்காக 1,300 சிப்பாய்களும் போலீசாரும் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். மானம் காக்க வந்தவை மீண்டும் அமெரிக்க விமானங்கள்.

விமானம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2011 டிசம்பர் 18-இலே கடைசி அமெரிக்க வண்டி எல்லை தாண்டியபோது, ஈராக்கிடம் ஒரு போர் ஜெட் விமானம்கூடக் கிடையாது. எட்டரை ஆண்டு 'பயிற்சி', ஆயிரம் கோடி டாலரைத் தாண்டிய செலவு. ஆனால் வானம் அவர்களுடையது ஆகவில்லை. தரையைக் கொடுத்தார்கள், வானத்தை வைத்துக்கொண்டார்கள். வானம் யாருடையதோ அவனை அழைக்காமல் தரையிலே எவனும் போரிட முடியாது.

புதுமையான தந்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். அதே மண்ணிலே, நூறாண்டுக்கு முன்னர், பிரிட்டிஷார் ஒத்திகை பார்த்த நாடகம்தான் இது. அந்த நாடகத்திலே நம்மவருக்கும் வேடம் இருந்தது. வெறும் ஆள் வேடம்.

1914 நவம்பரில் பஸ்ராவிலே இறங்கிய படை, இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன படை. சீக்கியரும் கூர்க்காக்களும் மராட்டியரும் போனார்கள். நம் சென்னைச் சாப்பர்ஸ் பிரிவினரும் போனார்கள். 1917 மார்ச்சிலே பாக்தாத்துக்குள் புகுந்த ஜெனரல் மாட், வெல்ல வரவில்லை, விடுவிக்க வந்தோம் என்று பிரகடனம் செய்தார். 2003-இலே வந்தவர்கள் வசனத்தை மாற்றக்கூடச் சிரமப்படவில்லை! விடுவிக்க வந்தவர் விட்டுப் போகாததால் 1920-இலே ஈராக் கொதித்தெழுந்தது. அதை அடக்க மீண்டும் இந்தியாவிலிருந்து பட்டாளம். உயிர் இந்தியனுடையது, மண் ஈராக்கியனுடையது, எண்ணெய்? கேட்கவேண்டுமா! பஸ்ராவிலே அந்தப் போரில் இறந்தோருக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். வெள்ளைச் சிப்பாய்களின் பெயர்களைப் பொறித்தார்கள். 30,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்குப் பெயர் இல்லை; ஒவ்வொரு பட்டாளத்துக்கும் ஓர் எண்ணிக்கை மட்டும். பெயர் பொறிக்கப்படாத அவர்களிலே எந்த ஊர்ப் பிள்ளைகள் இருந்தார்களோ! 2021-இலேதான் போர்க்கல்லறை ஆணையம் இந்த அநீதியை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

கிளர்ச்சியை அடக்கியாகிவிட்டது, ஆனால் செலவு கையைக் கடித்தது. 1921 மார்ச்சிலே கெய்ரோவில் கூடினார்கள். சர்ச்சில் ஒரு மலிவு வழி கண்டார். தரைப்படையைக் குறை, வானப்படையை வை, தரைக்காவலுக்கு உள்ளூர் ஆட்களைத் திரட்டு! அப்படி வளர்ந்ததுதான் 'லெவி' என்னும் படை. அதிலே பெரும்பாலும் அசிரியக் கிறித்தவர்களைச் சேர்த்தார்கள். சிறுபான்மை மக்கள், போரிலே ஊரிழந்து அகதிகளாக வந்தவர்கள், வேறு போக்கிடம் இல்லாதவர்கள். அவர்கள் கையிலே துரையின் துப்பாக்கி. அக்கம்பக்கத்தார் கண்ணிலே அவர்கள் துரையின் கங்காணிகள். 1932 அக்டோபரிலே 'சுதந்திரம்' கொடுத்து, விமானத்தளங்களை மட்டும் கையிலே வைத்துக்கொண்டார்கள். பத்தே மாதத்திலே, 1933 ஆகஸ்டிலே, சிமேல் என்னும் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் ஈராக்கிய ராணுவம் அசிரியர்களைக் கொன்று குவித்தது. விமானத்தளத்தைக் காக்க அசிரியன் வேண்டும். அசிரியனைக் காக்க யார்? தோட்டத்துத் துரை கப்பல் ஏறிவிடுவார். கங்காணி ஊரிலேதானே இருக்கவேண்டும்!

வியட்நாமைச் சொல்லவா? 1969-இலே நிக்சன் போரை வியட்நாமியர் கையிலே ஒப்படைக்கும் திட்டம் என்றார்; 1973-இலே அமெரிக்கத் துருப்பு வெளியேறியது; 1975 ஏப்ரல் 30-இலே சைகோன் விழுந்தது. ஆப்கானிஸ்தானைச் சொல்லவா? 2013-இலே பாதுகாப்பு முழுவதும் ஆப்கானியர் பொறுப்பு என்று விழா எடுத்தார்கள்; காகிதத்திலே 3 லட்சம் பேர்; விமானங்களைப் பழுதுபார்த்த அன்னிய ஒப்பந்தக்காரர்கள் 2021-இலே மூட்டை கட்டியதும் விமானம் தரையிலே நின்றது; ஆகஸ்ட் 15-இலே காபூல் தாலிபான் கையிலே. ஊர் வேறு, மொழி வேறு, நாடகம் ஒன்று.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். "ஐயா, அன்னியப் படை இருந்தால் ஆக்கிரமிப்பு என்கிறீர், போனால் ஓடிப்போனான் என்கிறீர், உள்ளூரானிடம் கொடுத்தால் சூழ்ச்சி என்கிறீர். பின் என்னதான் செய்வது? மாலிகி செய்த தவற்றுக்கு வாஷிங்டனா பொறுப்பு?" நியாயமான கேள்வி, நழுவமாட்டேன்.

மாலிகியின் குற்றத்தை மறைப்பது என் வேலை அன்று. 2010-க்குப் பின் உள்துறைப் பொறுப்பையும் தாமே வைத்துக்கொண்டார். திறமை பார்க்காமல் தமக்கு வேண்டியவர்களைத் தளபதிகளாக்கினார். சுன்னிப் பகுதிகளிலே அல்-கொய்தாவை எதிர்த்து நின்ற சுமார் 1,00,000 பேருக்கு, அமெரிக்கர் மாதம் 300 டாலர் அளவிலே கொடுத்து வந்தார்கள். அவர்களை 2008 அக்டோபர் முதல் ஈராக் சர்க்காரிடம் மாற்றியபோது, ஐந்திலொருவருக்குப் படையிலே இடம், மற்றவருக்கு வேறு வேலை என்று வாக்குறுதி. அரைகுறையாக நிறைவேறி, அந்த மனக்கசப்பிலே நாடே பிளந்தது. இதெல்லாம் மாலிகி செய்தது. ஆனால் படையை முதலிலே கட்டி, அரசைப் பிறகு தேடிய முறை யாருடையது? சம்பளம் எவன் கொடுக்கிறானோ அவனுக்குப் பட்டாளம் என்னும் பாடத்தை முதலிலே கற்றுக்கொடுத்த ஆசான் யார்?

என்ன செய்வது என்றா கேட்டீர்? வரிசையை மாற்று என்கிறேன். மக்கள் தேர்ந்தெடுத்து, மக்களே இறக்கக்கூடிய ஆட்சி முதலிலே. அந்த ஆட்சிக்குக் கணக்குச் சொல்லும் படை அதற்குப் பிறகு. எவனைக் கைது செய்யலாம், எவனைக் கூடாது என்று அன்னியன் ஆணை எழுதிவைத்த நாட்டிலே, காவலனுக்குக் கொடுப்பது பதவி அன்று, பலிபீடம். படைக்கு அரண் எவை என்று வள்ளுவர் எண்ணிச் சொன்னாரே, வீரம், மானம், நன்னெறி, தலைவனால் நம்பப்படும் தெளிவு என்று. அந்த நான்கிலே துப்பாக்கியின் பெயரே இல்லை. நம்பாமல் சேர்த்து, நம்பாமல் ஆயுதம் கொடுத்து, நம்பாமல் வேவு பார்த்து, நம்பாமலே விட்டுப் போன படை அது. நான்காவது அரண் இல்லாதபோது முதல் மூன்றும் எப்படி நிற்கும்?

2014 ஜூன் 10. மோசுல் விழுந்தது. தாக்கியவர்கள் ஆயிரத்தைந்நூறு பேர் அளவில் என்றார்கள். காக்கவேண்டியவர்கள் ஏட்டின்படி பல்லாயிரம். முதலில் மறைந்தவர்கள் தளபதிகள். 2,300 அமெரிக்க ஹம்வீ வண்டிகள் பகைவன் கைக்குப் போயின என்று அடுத்த பிரதமர் அபாதி கூறினார். ஏட்டிலே சம்பளம் வாங்கிப் பாசறையிலே இல்லாத 'பேய்ச் சிப்பாய்கள்' 50,000 பேரைக் கண்டுபிடித்ததாகவும் அந்த ஆண்டு நவம்பரிலே அவரே அறிவித்தார். மோசுல் விழுந்த இரண்டாம் நாள், ஸ்பெய்ச்சர் முகாமைச் சேர்ந்த சுமார் 1,700 இளம் பயிற்சி வீரர்களைப் பிடித்துச் சென்று ஐ.எஸ். வெறியர்கள் சுட்டுக் கொன்றார்கள். டைகிரிஸ் ஆறு சிவந்தது. அந்த முகாமுக்கு ஸ்பெய்ச்சர் என்று பெயர் வைத்ததும் அமெரிக்கர்தான்; 1991-ஆம் ஆண்டுப் போரிலே மாண்ட தங்கள் விமானியின் நினைவாக. அவனுக்குப் பெயர் இருந்தது.

மறு ஆண்டு ரமாதி விழுந்தபோது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் கார்ட்டர் சொன்னார், ஈராக்கியருக்குப் போரிடும் மனம் இல்லை என்று. கோழைகளாம்! அப்படியானால் 2016 அக்டோபர் முதல் 2017 ஜூலை வரை மோசுலின் சந்து சந்தாக நுழைந்து, மாடி மாடியாக ஏறி, தோழர்களைப் பறிகொடுத்து அந்த நகரை மீட்டவர்கள் எந்த நாட்டார்? அதே ஈராக்கியர். அப்போதும் வானத்திலே அன்னிய விமானம் இருந்தது, மறைக்கவில்லை. அதன் குண்டுகளுக்கு இரையான குடிமக்களையும் மறக்கவில்லை. ஆனால் தரையிலே கால் வைத்துச் செத்தவன் ஈராக்கியன். வீடு தன்னுடையது என்று தெரிந்தபோது போரிட்டான். பிறன் களஞ்சியத்துக்குக் காவல் என்று தோன்றியபோது தடியைப் போட்டுவிட்டு நடந்தான். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல, கான்கிரீட் மதிலுக்குள் இருந்தவர்களுக்கு என்ன உரிமை?

அட்டைக் கத்தியின் மீதிக் கதையைச் சொல்லவில்லையே! லண்டன் நீதிமன்றம் 2013-இலே அது மோசடி என்று தீர்ப்பளித்த பிறகும், பாக்தாத்தின் சாவடிகளிலே அந்தக் கம்பி ஆடிக்கொண்டுதான் இருந்தது. 2014 கழிந்தது, 2015 கழிந்தது. 2016 ஜூலை 3, ரமலான் மாதத்து இரவு. பெருநாளுக்குத் துணி வாங்கக் குடும்பம் குடும்பமாக மக்கள் கூடியிருந்த கர்ராதா கடைவீதிக்கு ஒரு வண்டி வந்தது. வழியிலே சாவடிகள் இருந்தன. 300-க்கும் மேற்பட்டோர் தீயிலே மாண்டனர். அதற்குப் பிறகுதான் பிரதமர் அபாதியின் உத்தரவு பிறந்தது: காவலர்கள் அந்தக் கருவிகளை இனிப் பயன்படுத்தவேண்டாம், திரும்ப ஒப்படைத்துவிடுங்கள் என்று.